காக்கடு பாறை ஓவியங்கள்: முதலில் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வட ஆஸ்திரேலியாவில், டார்வினுக்குக் கிழக்கே இருக்கும் காக்கடு தேசியப் பூங்காவுக்கு, அங்குள்ள பூர்வகுடி மக்களின் பாறை ஓவியங்களைப் பார்க்க, நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி. உபிர் என்கிற ஓவியப் பாறைக்குப் போகும் சாலையின் குறுக்கே மகேலா ஓடை ஏறி ஓடிக்கொண்டிருந்தது; சாலையை மூடிவிட்டார்கள். இருந்த ஒரே பகலில் புருங்குய் பாறையை உச்சி வெயிலில் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தலைவலியோடு டார்வின் திரும்பினேன். ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து, கூடுதல் கிலோமீட்டர் ஓட்டியதற்கு என்று வாடகைக் கார்க்காரர்களிடமிருந்து ஒரு பில் வேறு வந்தது.

இரண்டாவது தடவை ஜூலையில் போனேன். விசிட்டர் விசாவில் மெல்பர்ன் வந்திருந்த அப்பாவும் அம்மாவும் கூட வந்தார்கள். அது நன்றாக நடந்தது. இரண்டு பயணத்துக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டது பாறையைப் பற்றி அல்ல, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்கிற வரிசையைப் பற்றி. ஆகவே அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது யாருக்கு என்றால்: டார்வினுக்கு விமானத்தில் வந்து, சாதாரணக் காரை வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு நாளில் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கிறவர்களுக்கு. ஃபோர் வீல் டிரைவில் கூடாரம் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்களுக்கு இதில் விஷயம் குறைவு.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

டார்வின் பக்கம் பெரும்பாலானோர் இரண்டே பருவம் சொல்வார்கள்: மழைக்காலம், உலர்காலம். காக்கடுவின் மண்ணுக்குச் சொந்தக்காரர்களான பினிஞ் மக்கள் ஆறு பருவம் கணக்கு வைத்திருக்கிறார்கள். (நமக்கும் பெரும்பொழுது ஆறுதானே என்று அப்பா சந்தோஷப்பட்டார்.) அந்த ஆறில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். மே முதல் ஜூன் நடு வரை யெக்கே, அங்கிருந்து ஆகஸ்ட் நடு வரை உர்கெங். வானம் தெளிந்து, சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்து, நடக்கிற அளவுக்கு வெயில் இறங்கும் மாதங்கள் இவைதான். ஜூலையில்கூடப் பகலில் 32 டிகிரி அடிக்கும். ஆனால் காற்றில் ஈரம் இல்லாததால் தாங்கும்.

ஆகஸ்ட் பாதிக்கு மேல் சூடு ஏறத் தொடங்கும். அக்டோபரில் வயதானவர்களைக் கூட்டிப் போகவே வேண்டாம். ஏப்ரல்தான் ஏமாற்றும் மாதம். மழை நின்றிருக்கும், விமான டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் நிலத்தில் ஏறிய தண்ணீர் இறங்கியிருக்காது. உபிர் சாலை முழுக்கத் தார்ச்சாலைதான். தார் போட்டிருந்தால் என்ன, ஓடை அதன் மேலேதானே போகிறது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்கிற பட்டியலைப் பூங்கா நிர்வாகம் தன் இணையதளத்தில் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அதைப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆர்ன்ஹெம் லாண்ட் போவதாக இருந்தால், பெர்மிட்டுக்கு இப்போதே எழுதுங்கள்

காக்கடு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஓவியங்களுக்குத் தனிப் பெர்மிட் தேவையில்லை. ஆனால் உபிருக்குப் பக்கத்தில் ஓடும் ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றைத் தாண்டினால் ஆர்ன்ஹெம் லாண்ட். அது பூர்வகுடி மக்களின் சொந்த நிலம். அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். அக்கரையில் குன்பலான்யா என்கிற ஊரும், அதை ஒட்டி இன்ஜலாக் குன்றும் இருக்கின்றன. அந்தக் குன்றில் ஏறிப் பார்க்கும் ஓவியங்களுக்கு ஈடாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை.

பெர்மிட் கொடுப்பது நார்தர்ன் லாண்ட் கவுன்சில். விண்ணப்பத்தில் போகும் ஒவ்வொருவரின் பெயர், வண்டி எண், தேதி, நோக்கம் எல்லாம் கேட்பார்கள். வாடகைக் காரின் எண் முன்கூட்டியே தெரியாதே என்று நான் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டேன். அது முழுக்க என் தவறு. பத்து வேலை நாளாவது கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். நடுவில் அரசு விடுமுறை வந்தால் இன்னும் முன்னதாக.

சுலபமான வழி ஒன்று உண்டு. பூங்காவுக்குள் இருக்கும் சின்ன ஊரான ஜாபிருவிலிருந்து கிளம்பும் சுற்றுலா வேனில் இடம் பிடித்தால் பெர்மிட், ஆற்றைத் தாண்டுவது, வழிகாட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் கடைசியில் அப்படித்தான் போனேன். உலர்காலத்தில் மட்டும் ஓடும், இடங்கள் குறைவு. பெர்மிட்டோ வேனோ, இந்த வேலையை அறை பிடிப்பதற்கும் முன்னால் செய்யுங்கள். மற்ற நாட்களை அந்தத் தேதியைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மற்ற மாநிலங்களில் இருந்து வருகிறவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் போதும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து ஓட்டுகிறவர் சொந்த நாட்டு உரிமத்தை வைத்து வட மண்டலத்தில் (டார்வினும் காக்கடுவும் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி) மூன்று மாதம் வரை ஓட்டலாம். உரிமத்தில் ஆங்கிலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டோ வேண்டும். அரசு ஒத்துக்கொண்டாலும் வாடகை நிறுவனம் சர்வதேசப் பெர்மிட்டைத்தான் பார்ப்பேன் என்று சொல்லக்கூடும். அது சொந்த நாட்டில் மட்டுமே கிடைக்கும், இங்கே வந்து எடுக்க முடியாது. கிளம்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள். பல இடங்களில் டெபிட் கார்டு எடுபடாது. அப்பா பெயரில் உரிமம், மகன் பெயரில் கார்டு என்று போய் கவுன்டரில் நின்ற ஒரு குடும்பத்தை நானே பார்த்தேன்.

பெற்றோர் வந்தால் அவர்களுடைய பயணக் காப்பீட்டுக் காகிதத்தை அச்செடுத்து வையுங்கள். ஜாபிருவில் சிறிய மருத்துவ நிலையம் உண்டு. பெரிதாக ஏதாவது என்றால் டார்வினுக்குத்தான். ஆம்புலன்ஸ் இங்கே இலவசம் இல்லை. மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

4. கார் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வட மண்டலத்தில் வாடகைக் கார் எடுப்பது சிட்னியில் எடுப்பது மாதிரி அல்ல. விலை ஒன்றாகத் தெரியும், நிபந்தனை வேறு.

முதல் பொறி கிலோமீட்டர். பல ஒப்பந்தங்களில் ஒரு நாளைக்கு 100 கி.மீ. மட்டும் இலவசம். டார்வினிலிருந்து ஜாபிரு ஏறத்தாழ 250 கி.மீ. ஜாபிருவிலிருந்து உபிர் 40, புருங்குய் 30க்குச் சற்று மேல், தெற்கே தங்குமிடம் இருக்கும் கூயிண்டா 50க்கு மேல். எல்லாவற்றுக்கும் போய்வந்தால் நான்கு நாளில் 800 கி.மீ. ஓடிவிடும். இலவசம் 400தான். மிச்சம் 400க்குக் கிலோமீட்டருக்கு 30 சென்ட் என்று வைத்தால்கூட 120 டாலர். ‘வரம்பற்ற கிலோமீட்டர்’ என்று எழுத்தில் இருக்கும் ஒப்பந்தம் ஒரு நாளைக்கு இருபது டாலர் கூடுதலானாலும் அதை எடுங்கள்.

இரண்டாவது பொறி மண்சாலை. சாதாரணக் காரைத் தார் இல்லாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது. காக்கடுவின் முக்கியமான இரண்டு ஓவிய இடங்களான உபிருக்கும் புருங்குய்க்கும் தார்ச்சாலை இருக்கிறது, அதனால் கவலையில்லை. இன்னொரு ஓவிய இடமான நங்குலுவுர் போக மண்சாலை. சில நிறுவனங்கள் நல்ல நிலையில் உள்ள மண்சாலையில் குறிப்பிட்ட தூரம் வரை விட்டுக்கொடுக்கும். அதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். ‘எல்லாரும் போறாங்க, ஒண்ணும் ஆகாது’ என்று கவுன்டரில் சொல்லும் வாய்வார்த்தை, கண்ணாடியில் கல் பட்ட பிறகு உதவாது.

மூன்றாவதுதான் யாரும் சொல்லாதது: இருட்டில் ஓட்டக் கூடாது. ஊர் எல்லைக்கு வெளியே, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை ஓட்டினால் காப்பீடு இல்லை என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. வாலபி (சின்னக் கங்காரு), எருமை, காட்டுக் குதிரை எல்லாம் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வரும். காரணம் நியாயமானது. ஆனால் காக்கடுவில் எல்லாரும் போகச் சொல்லும் காட்சி உபிர் பாறை மேல் சூரிய அஸ்தமனம். அஸ்தமனம் முடிந்து 40 கி.மீ. இருட்டில்தான் ஜாபிரு திரும்ப வேண்டும்! நூற்றுக்கணக்கானவர்கள் தெரியாமல் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதற்கு என்ன செய்வது என்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

நான்காவது, விபத்தில் உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய தொகை. வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துக்கு, அதாவது மிருகத்தில் மோதுவது, வண்டி கவிழ்வது போன்றவற்றுக்கு, அந்தத் தொகை தனியாக, பெரிதாக இருக்கலாம். முதல் பக்கத்தில் போட்டிருக்காது. தேடிப் படியுங்கள்.

5. அறை

ஜாபிரு சின்ன ஊர். முதலை வடிவத்தில் கட்டிய ஹோட்டல் ஒன்று, கூடாரத் திடலும் கேபின்களும் சேர்ந்த இடம் ஒன்று, தெற்கே கூயிண்டாவில் ஒரு லாட்ஜ், அப்புறம் அங்கங்கே சிறிய தங்குமிடங்கள். ஜூன், ஜூலையில் தெற்கு மாநிலங்களின் பள்ளி விடுமுறை வந்துவிடும். நான் ஏப்ரல் கடைசியில் தேடியபோதே ஜூலைக்கு மிச்சமிருந்தது இரவுக்கு 300 டாலருக்கு மேல்தான். பிப்ரவரியிலேயே பிடித்துவிடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும்படி.

மூன்று இரவு வேண்டும். டார்வினிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பாதிக்கு மேல் ஜன்னல் ஓரம்தான். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும்.

6. பூங்காச் சீட்டு

நான் போனபோது மே 15 முதல் அக்டோபர் 31 வரை பெரியவர்களுக்கு 40 டாலர், 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு 20 டாலர், மழைக்கால மாதங்களில் அதைவிடக் குறைவு. ஏழு நாள் செல்லும். வட மண்டலத்தில் குடியிருப்பவர்களுக்கு இலவசம்.

பூங்கா வாசலில் கேட் எதுவும் கிடையாது. யாரும் நிறுத்த மாட்டார்கள், அதனால் சீட்டு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ரேஞ்சர்கள் கேட்பார்கள். இணையத்தில் வாங்கி, படமாகப் பிடித்து போனில் சேமித்து வையுங்கள். கேட்கும் இடத்தில் சிக்னல் இருக்காது. இன்னொரு குழப்பம்: வட மண்டல அரசு தன் பூங்காக்களுக்குத் தனியாக ஒரு சீட்டு விற்கிறது. லிட்ச்ஃபீல்ட் போன்ற இடங்களுக்கு அது. காக்கடு மத்திய அரசும் மண்ணின் சொந்தக்காரர்களும் சேர்ந்து நடத்துவது, அங்கே அந்தச் சீட்டு செல்லாது.

7. டார்வினை விட்டுக் கிளம்பும்முன்

காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். டார்வினிலிருந்து தெற்கே முப்பத்தைந்து கி.மீ. போனதும் ஆர்ன்ஹெம் நெடுஞ்சாலை இடது பக்கம் பிரியும். வழியில் வேக வரம்பு 130 வரை போகும். அது வரம்பு, கட்டளை இல்லை. நான் 110ஐத் தாண்டவில்லை. எதிரே ரோட் டிரெயின் வரும். 53 மீட்டர் நீளம் வரை உள்ள லாரித் தொடர் அது. தாண்டிப் போக வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டராவது நேரான, காலியான சாலை தெரிய வேண்டும். தெரியவில்லையா, பின்னாலேயே போங்கள்.

பெட்ரோலை டார்வினில் நிரப்புங்கள். ஜாபிருவிலும் கூயிண்டாவிலும் கிடைக்கும், விலைதான் கூட. ஜாபிருவைத் தாண்டினால் போன் அநேகமாக வேலை செய்யாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர், அகலத் தொப்பி, முகத்தில் போடும் ஈ வலை (சிரிப்பீர்கள், அப்புறம் இரண்டாவது நாள் கடைக்கு ஓடுவீர்கள்), கொசு மருந்து, ஒரு பைனாகுலர். பைனாகுலரை விடவே விடாதீர்கள். பழைய ஓவியங்கள் பல, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஜாபிருவில் சிரமம். சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, ரொட்டியும் பீன்ஸும் கிடைக்கும். டார்வினில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. அம்மா அங்கே அரிசி வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலோடு கேபினில் சமாளித்தார். (விமான நிலையத்தில் அந்தப் புளிக்காய்ச்சலை ஒழுங்காக அறிவித்துத்தான் கொண்டுவந்தோம். அறிவிக்காமல் மாட்டினால் அபராதம் பயணச் செலவையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.)

ஜாபிருவுக்குச் சற்று முன் போவாலி பார்வையாளர் மையம் வரும். முதல் வேலையாக அங்கே இறங்குங்கள். அந்த வாரம் ரேஞ்சர்கள் எந்த இடத்தில் எத்தனை மணிக்குப் பேசுகிறார்கள் என்கிற அட்டவணை அங்கே கிடைக்கும். உலர்காலத்தில் மட்டும் நடக்கும், இலவசம். உங்கள் நாட்களை அந்த அட்டவணைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். ரேஞ்சர் இல்லாமல் பார்த்தால் மீனும் ஆமையும் தெரியும். ரேஞ்சரோடு பார்த்தால்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும்.

8. புருங்குய், காலையில்

பழைய வரைபடங்களில் நூர்லாஞ்சி என்று இருக்கும். இப்போது பலகைகளில் புருங்குய். இரண்டும் ஒன்றுதான், வழிகாட்டிக் கருவி எந்தப் பெயரைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே திறந்துவிடும். எட்டு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் நாங்கள் மட்டும் இருந்தோம், பத்தரைக்கு நான்கு பேருந்து வந்துவிட்டது.

சுற்றுப்பாதை ஒன்றரை கி.மீ. முதலில் அன்பாங்பாங் என்கிற பாறைக் குடை. மழைக்காலங்களில் மக்கள் குடியிருந்த இடம். அதைத் தாண்டி, படிகள் ஏறினால் பெரிய ஓவியச் சுவர். நாமர்கோன் என்கிற மின்னல் மனிதரை இங்கேதான் பார்ப்பீர்கள். கை, கால், தலை எல்லாவற்றையும் இணைத்து அவரைச் சுற்றிப் போகும் வளைவுதான் மின்னல். முழங்கால், முழங்கை மூட்டுகளில் கல் கோடாரிகள் முளைத்திருக்கும், அவற்றை அடித்துத்தான் இடி முழங்க வைக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி பார்கிஞ், மேலே நாமொண்ட்ஜோக் என்கிற ஆதி மூதாதை.

இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தச் சுவரின் பளிச்சென்ற ஓவியங்கள் ஆயிரக்கணக்கான வருடம் பழையவை அல்ல. 1960களின் முற்பகுதியில் நாயொம்பொல்மி என்கிற ஓவியர் பழைய ஓவியங்களின் மேல் திரும்பத் தீட்டியவை. ‘அறுபது வருஷம்தானா’ என்று முகம் சுளித்தார் எங்கள் பக்கத்தில் நின்ற ஒருவர். ரேஞ்சர் பொறுமையாகச் சொன்னார்: இங்கே படத்தைவிடத் தீட்டுகிற செயல்தான் முக்கியம், அதற்கு உரிமையுள்ளவர் தீட்டினால் கதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அம்மா உடனே, ‘கோலம் மாதிரி’ என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் சிவப்பைத் தேடுங்கள். இரும்புக் கல்லிலிருந்து வரும் சிவப்பு பாறைக்குள் ஊறி நிற்கும். வெள்ளைக் களிமண் மேலாக ஒட்டியிருப்பதால் உதிர்ந்துவிடும். அதனால் மிகப் பழையவற்றில் பெரும்பாலும் சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மெல்லிய உடலோடு ஓடுகிற, ஈட்டி எறிகிற சின்ன உருவங்கள் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள். பாறை விளிம்பில் ரப்பர் போன்ற ஒரு கோடு ஓடுவதையும் பாருங்கள். மழைத்தண்ணீர் ஓவியத்தின் மேல் வழியாமல் திருப்பிவிட ஒட்டிய சிலிக்கோன் அது. மரப்பலகைப் பாதை போட்டிருப்பதும் காலடிப் புழுதி எழுந்து ஓவியத்தில் படியாமல் இருக்கத்தான்.

அதனால்தான் தொடாதீர்கள் என்று ஒன்றுக்குப் பத்துத் தடவை எழுதியிருக்கிறார்கள். விரல் எண்ணெய் போதும் கெடுக்க. சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கலாம். விற்கவோ விளம்பரத்துக்கோ என்றால் பெர்மிட் வேண்டும். ட்ரோன் பெர்மிட் இல்லாமல் பறக்கவிடக் கூடாது. பாதையை விட்டு விலகி ‘இன்னொரு குகை இருக்கும்’ என்று தேடிப் போகாதீர்கள். பினிஞ் மக்களில் சிலரே போகக் கூடாத இடங்கள் இங்கே உண்டு.

மத்தியானம் கூயிண்டா பக்கம் போய் வராஜன் பண்பாட்டு மையத்தைப் பாருங்கள். குளிர்சாதனம் உண்டு, அனுமதி இலவசம், உள்ளே பினிஞ் மக்களே தங்கள் கதையைச் சொல்லும்படி அமைத்திருக்கிறார்கள். பலாண்டா என்ற சொல் அங்கங்கே வரும். நம்மைப் போன்ற வெளியாட்களுக்கு அவர்கள் வைத்த பெயர். ஹாலந்துக்காரர் என்பது மக்காசார் மாலுமிகள் வாயில் புகுந்து இங்கே வந்து சேர்ந்தது.

9. உபிர், மூன்று மணிக்கு மேல்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை காலை 8.30க்குத் திறந்து அஸ்தமனத்தோடு மூடும். மது அனுமதியில்லை. சூரியனைப் பார்த்துக்கொண்டு ஒரு பியர் என்று கொண்டுவராதீர்கள்.

சுற்றுப்பாதை ஒரு கி.மீ., பெரும்பாலும் சமதளம். முதன்மைக் கூடத்தில் பாரமுண்டி மீன், கெளுத்தி, ஆமை, வாலபி எல்லாம் எக்ஸ்-ரே பாணியில் அடுக்கடுக்காக இருக்கும். முதுகெலும்பு, குடல், கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் உள்ளே கோடு போட்டுக் காட்டியிருக்கும். மீன் அறுத்துப் பழகிய அப்பா அந்த மீன்களின் முன்னால் நகராமல் அரை மணி நேரம் நின்றார். அதே சுவரில் கைகளை இடுப்பில் வைத்து நிற்கும் ஒரு வெள்ளைக்காரரையும் காணலாம். மேலே உயரத்தில் பைனாகுலரால் தேடினால் டாஸ்மேனியப் புலி, அதாவது தைலசீன். பெருநிலப்பரப்பில் அந்த மிருகம் அற்றுப்போய் 2,000 வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். அதைக் காட்டாமல் போகும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ரேஞ்சரிடம் கேட்டு வாங்குங்கள்.

கூடத்தைத் தாண்டினால் பாறை மேல் ஏறும் 250 மீட்டர். தூரம் சொற்பம், ஆனால் பாறையில் கை ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. முட்டி வலி உள்ள அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார், ரேஞ்சர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அவருக்கு ஒன்றும் குறையில்லை. மேலே போனால் நாடாப் வெள்ளச் சமவெளி பச்சைப் பசேல் என்று விரியும்.

இப்போது அஸ்தமனச் சிக்கல். மூன்று வழி இருக்கிறது. சுற்றுலா வண்டியில் அஸ்தமனத்துக்கு மட்டும் போய்வருவது ஒன்று. உபிருக்குப் பக்கத்திலேயே உள்ள மெர்ல் கூடாரத் திடலில் அல்லது அந்தப் பக்கத்துத் தங்குமிடத்தில் இரவு தங்குவது இரண்டாவது; ஆனால் மெர்லின் கொசு பேர் பெற்றது, அங்கே போகவும் வண்டி ஓட்டத்தான் வேண்டும், சில கிலோமீட்டர்தான் என்றாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மூன்றாவது நாங்கள் செய்தது. ஜூலையில் சூரியன் ஏறத்தாழ ஆறே முக்காலுக்குள் மறையும். ஐந்தேகாலுக்கு மேலேயிருந்து இறங்கி, ஐந்தரைக்கு வண்டியை எடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே ஜாபிரு வந்துவிட்டோம். ஐந்து மணி வெயிலே சமவெளியை மஞ்சளாக்கிவிடுகிறது. பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

10. காஹில்ஸ் கிராசிங்கில் பார்ப்பதோடு நில்லுங்கள்

உபிருக்குப் பக்கத்தில், ஆர்ன்ஹெம் லாண்டுக்குள் போகும் தரைப்பாலம் இது. கடல் ஓதத்துக்கு ஏற்பத் தண்ணீர் அதன் மேலே ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் உப்புநீர் முதலைகள் வாயைத் திறந்துகொண்டு மீனுக்குக் காத்திருக்கும். இங்கே மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். வண்டிகள் அடித்துப் போவது அடிக்கடி நடக்கிறது. சாதாரணக் காரில் தாண்டவே கூடாது. வாடகை ஃபோர் வீல் டிரைவ் என்றாலும் ஒப்பந்தம் இதைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கலாம். நடந்து இறங்கும் எண்ணமே வேண்டாம். பார்வை மேடைகள் கட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து பாருங்கள். எந்த நீர்நிலையிலும் கரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்பது இங்கே பழக்கமாக வேண்டும், பாத்திரம் கழுவக்கூடக் குனியக் கூடாது.

11. இன்ஜலாக், தெம்பு உள்ளவர்களுக்கு

அப்பாவையும் அம்மாவையும் ஜாபிருவில் விட்டுவிட்டு நான் தனியாக வேனில் போனேன். ஏற்றம் செங்குத்து, பாதையில் கைப்பிடி கிடையாது, பலகைப் பாதையும் கிடையாது. கூட வருகிறவர் அந்த ஊர்க்காரர். அவர் காட்டும் இடத்தில் மட்டும் உட்காரலாம், அவர் எடுக்கலாம் என்ற படம் மட்டும் எடுக்கலாம். ஒரு பாறைக் கூரையின் அடியில் மல்லாந்து படுக்கச் சொன்னார். ஒன்றின் மேல் ஒன்றாக, எத்தனை அடுக்கு என்று எண்ண முடியாதபடி மீன்களும் மனிதர்களும். ‘என் தாத்தா வழி’ என்று ஒரு மீனைக் காட்டினார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கீழே கலைக்கூடத்தில் பாண்டனஸ் ஓலைக் கூடைகள், மரப்பட்டை ஓவியங்கள், அச்சுத் துணிகள் விற்கிறார்கள். டார்வின் கடைகளில் வாங்க நினைத்த பணத்தை இங்கே செலவழியுங்கள், செய்தவர் கைக்கே போகும். ஊருக்குள் மனிதர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மதுவை வண்டியில் கொண்டுபோவது குற்றம், மூடிய பாட்டில் என்றாலும் கூட.

12. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது

கடைசி நாள் மத்தியானத்துக்குள் டார்வின் வந்துவிடும்படி கிளம்புங்கள். விமானம் நள்ளிரவு என்றாலும் காரைப் பகல் வெளிச்சத்தில் கொடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததுதான் முதல் தடவை நான் செய்த தவறு. அப்புறம் யார் எதை எழுதினாலும் நம்மிடம் பதில் இல்லை. பெட்ரோல் நிரப்பிய ரசீது, கிலோமீட்டர் காட்டும் முள்ளின் படம், நான்கு பக்கமும் முன்கண்ணாடியும் எடுத்த படங்கள், எல்லாம் நேரம் தெரியும்படி இருக்கட்டும். வண்டியின் அடியிலும் கதவு இடுக்கிலும் சிவப்புப் புழுதி அப்பியிருந்தால் மண்சாலையில் ஓட்டினீர்களா என்று கேட்பார்கள். தார்ச்சாலையின் ஓரத்தில் நிறுத்தினாலே அது ஒட்டும். டார்வினில் பத்துப் பதினைந்து டாலருக்கு வண்டி கழுவும் இடங்கள் இருக்கின்றன. கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் அங்கே போய்விட்டு வாருங்கள்.